துணி டயப்பருக்கு மாறுவது எப்படி: காசு எங்கே மிச்சமாகிறது, எங்கே கரைகிறது

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை வரை டயப்பர் மாற்ற வேண்டியிருக்கும். மூன்று மாதம் தாண்டினால் அது ஆறு, ஏழாகக் குறையும். ஒரு வயதுக்கு மேல் நான்கைந்து போதும். கூட்டிப் பாருங்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 10 என்றால் 900. அடுத்த ஒன்பது மாதம் நாளுக்கு 7 என்றால் 1,890. இரண்டாவது வருடம் நாளுக்கு 5 என்றால் 1,825. அதற்குப் பிறகும் ஆறு மாதம் தேவைப்பட்டால் இன்னும் 900. மொத்தம் 5,500-ஐத் தாண்டிவிடுகிறது. பாக்கெட் பாக்கெட்டாக வாங்கும்போது இந்த எண்ணிக்கை கண்ணில் படுவதில்லை.

இதே வேலையை 20 முதல் 24 துணி டயப்பர்கள் திரும்பத் திரும்பச் செய்துவிடும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கிய அன்றைக்கு எந்த மிச்சமும் கிடையாது, செலவுதான். துவைத்து, காயவைத்து, மறுபடி குழந்தைக்குப் போடும் ஒவ்வொரு தடவையும்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஆசையாக முப்பது வாங்கிவிட்டு, ‘கசிகிறது, நாறுகிறது’ என்று இரண்டே வாரத்தில் அலமாரியில் போட்டுவிட்டால் இரட்டைச் செலவு. கசிவுக்கும் நாற்றத்துக்கும் பெரும்பாலும் போடும் விதமும் துவைக்கும் விதமும்தான் காரணம். அதனால் இங்கே வாங்குவதைவிட இந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில் கணக்கு

விலை இடத்துக்கு இடம் மாறும். அதனால் ஒரு யூஸ் அண்ட் த்ரோ டயப்பரின் விலையை ‘ஒரு பங்கு’ என்று வைத்துக்கொள்வோம்.

உறிஞ்சும் பட்டையை உள்ளே சொருகும் பாக்கெட் வகைத் துணி டயப்பர் ஒன்று 30 பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 20 வாங்கினால் 600 பங்கு. துவைக்கத் தண்ணீர், சோப்பு, மின்சாரம் எல்லாம் சேர்த்து டயப்பர் ஒன்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்றால், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் 0.8 பங்கு மிச்சம். போட்ட 600 பங்கு திரும்பி வர 750 முறை மாற்ற வேண்டும். நாளுக்கு 7 முறை என்றால் சுமார் 107 நாள், அதாவது மூன்றரை மாதம். அதன் பிறகு வருவதெல்லாம் கையில் நிற்கும்.

இன்னும் சிக்கனமான வழியையும் பார்க்கலாம். ஒன்று 5 பங்கு விலையில் 30 சதுரத் துணிகள், ஒன்று 20 பங்கு விலையில் மேலே போடும் 5 கவர்கள். மொத்தமே 250 பங்கு. நாளுக்கு 10 முறை மாற்றும் பச்சிளங்குழந்தைக்கு ஒரு மாதத்திலேயே போட்ட பணம் திரும்பிவிடும்.

இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் விலைகளைப் போட்டுப் பாருங்கள். போடும்போது நேர்மையாகப் போடுங்கள். இரவில் மட்டும் யூஸ் அண்ட் த்ரோ போடுவதாக இருந்தால் அந்த ஒரு டயப்பரை மிச்சக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கழுவும் செலவைக் கழிக்காமல் ‘இத்தனை ஆயிரம் மிச்சம்’ என்று சொல்லும் விளம்பரக் கணக்கையும் நம்ப வேண்டாம். அதேபோல், ‘முழுக்க முழுக்கத் துணிதான்’ என்று சபதம் எடுக்கவும் தேவையில்லை. பகலில் வீட்டில் இருக்கும் நேரம் மட்டும் துணி என்றாலும் நாளுக்கு நான்கைந்து யூஸ் அண்ட் த்ரோ குறைகிறது. பாதி வழி போனாலும் பாதிப் பணம் உங்களுடையது.

என்னென்ன வகை இருக்கிறது

பெயர்கள் நிறைய இருந்தாலும் எல்லாவற்றிலும் இரண்டே பாகம்தான். ஈரத்தை உறிஞ்சும் துணி ஒன்று, அந்த ஈரம் வெளியே வராமல் தடுக்கும் உறை ஒன்று. இந்த உறை பெரும்பாலும் பி.யு.எல். எனப்படும் துணி. பாலியஸ்டரின் ஒரு பக்கத்தில் மெல்லிய பாலியூரிதீன் படலம் ஒட்டியிருக்கும்.

மிக மலிவானது சதுரத் துணி. ஒற்றை அடுக்குப் பருத்தி, மடித்துப் போட்டு மேலே கவர் மாட்ட வேண்டும். பார்க்கப் பழைய பாணியாகத் தெரியும். ஆனால் ஒற்றை அடுக்கு என்பதால் அழுக்கு சுலபமாகப் போகும், சட்டென்று காயும், குழந்தை வளர வளர மடிப்பை மாற்றிக்கொள்ளலாம். ஈரமானால் துணியை மட்டும் மாற்றினால் போதும். கவரில் ஆய் படாதவரை துடைத்துக் காற்றாட விட்டு மறுபடி போடலாம். சிக்கனம்தான் உங்கள் முதல் நோக்கம் என்றால் நான் சொல்வது இதைத்தான். வீட்டில் இருக்கும் பழைய, மெத்தென்ற பருத்தித் துணியை வெட்டி ஓரம் தைத்தாலும் நன்றாக வேலை செய்யும். செலவு கவருக்கு மட்டும்.

இதையே நடுவில் பல அடுக்காகத் தைத்து வைத்தால் ப்ரீஃபோல்டு. மடிப்பது சுலபம், காய நேரமாகும்.

பாக்கெட் டயப்பர் என்பது உறையோடு சேர்ந்து தைத்த பை. உள்ளே இன்சர்ட் எனப்படும் உறிஞ்சும் பட்டையைச் சொருக வேண்டும். எத்தனை பட்டை வைப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. துவைக்கும்போது பிரித்துப் போடுவதால் சீக்கிரம் காயும். வீட்டில் பலர் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் இது வசதி. ஆல் இன் ஒன் வகையில் எல்லாம் சேர்த்தே தைத்திருக்கும். போடுவது யூஸ் அண்ட் த்ரோ போலவே சுலபம். ஆனால் விலையும் அதிகம், காயவும் ரொம்ப நேரம் எடுக்கும். மழைக்காலத்தில் இதை மட்டும் நம்பியிருந்தால் திண்டாட்டம்.

உறிஞ்சும் பொருளையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மைக்ரோஃபைபர் எனப்படும் நுண்ணிய செயற்கை இழைத் துணி வேகமாக உறிஞ்சும், ஆனால் அழுத்தினால் ஈரத்தை வெளியே விட்டுவிடும். தொடை அழுந்தும் இடத்தில் கசிய இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, மைக்ரோஃபைபரை ஒருபோதும் குழந்தையின் தோலில் நேரடியாகப் படும்படி வைக்கக் கூடாது. தோலின் இயல்பான ஈரத்தையும் உறிஞ்சி வறட்சியாக்கிவிடும். பருத்தி நடுத்தரம், நம்பகமானது. மூங்கில் இழைத் துணி பருத்தியைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சணல் போன்ற செடி நாரான ஹெம்ப் மெதுவாக உறிஞ்சினாலும் நிறையப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் வேகமாக உறிஞ்சுவது மேலே, நிறையத் தாங்குவது கீழே என்று அடுக்கினால் இரண்டின் பலனும் கிடைக்கும்.

எத்தனை வாங்குவது

ஒரேயடியாக வாங்காதீர்கள். முதலில் இரண்டு வகையில் மொத்தம் ஐந்தாறு மட்டும் வாங்குங்கள். பத்து நாள் போட்டுப் பாருங்கள். தொடை மெலிந்த குழந்தைக்குப் பொருந்துவது, தொடை பருத்த குழந்தைக்குப் பொருந்தாது. எது உங்கள் குழந்தைக்கு ஒத்துவருகிறது, எதைத் துவைத்துக் காயவைக்க உங்களுக்குச் சலிப்பாக இல்லை என்று தெரிந்தபின் மீதியை வாங்கலாம்.

மொத்தத் தேவைக்கு ஒரு சூத்திரம்: ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்றுகிறீர்களோ அதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைப்பீர்களோ அதனால் பெருக்குங்கள். கொடியில் காயும் நேரத்துக்கு இன்னொரு நாள் தேவையைச் சேருங்கள். நாளுக்கு 8, இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைப்பு என்றால் 16, அதோடு 8, மொத்தம் 24. தினமும் துவைக்கிற வீட்டுக்கு 16 போதும். நிறைய இருந்தால் அடிக்கடி துவைக்க வேண்டாமே என்று 40 வாங்குவது தப்புக் கணக்கு. அழுக்கு டயப்பரை மூன்று நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. கறையும் நாற்றமும் இழைக்குள் இறங்கிவிடும், துணியும் சீக்கிரம் நைந்துவிடும்.

‘ஒரே அளவு, எல்லா வயதுக்கும்’ என்று விற்கும் டயப்பர்களின் முன்பக்கத்தில் வரிசையாகப் பட்டன்கள் இருக்கும். அதைப் போட்டு உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் பிறந்த புதிதில், மூன்றரை நான்கு கிலோ வரை, பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை தொடையில் தொளதொளவென்றுதான் இருக்கும். அந்தச் சில வாரங்களுக்கென்று தனியாகச் சின்ன அளவு டயப்பர் வாங்குவது காசுக்குக் கேடு. சதுரத் துணியைச் சின்னதாக மடித்துப் போட்டே ஓட்டிவிடலாம்.

பழையது கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். தொடை எலாஸ்டிக்கை இழுத்துவிட்டால் சட்டென்று சுருங்க வேண்டும். உறையை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே படலம் உரிந்தோ வெடித்தோ இருக்கக் கூடாது. பட்டன் ஒவ்வொன்றும் ‘டக்’ என்று மாட்ட வேண்டும். கறை இருந்தால் பரவாயில்லை, அது போய்விடும்.

போடுவதற்கு முன்

புது டயப்பரை அப்படியே போட்டால் நிச்சயம் கசியும். பருத்தி, ஹெம்ப் போன்ற இயற்கை இழைகளில் எண்ணெய்ப் பசை இருக்கும், அது தண்ணீரை உள்ளே விடாது. ஐந்தாறு முறை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்துக் காயவைத்த பிறகுதான் முழுசாக உறிஞ்சத் தொடங்கும். மைக்ரோஃபைபருக்கு ஒருமுறை போதும். தயாரா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் இன்னும் துவைக்க வேண்டும். உடனே இறங்கினால் சரி.

போடும் விதம்

கசிவு எங்கே தொடங்குகிறது என்று நிதானமாகப் பார்த்தால் பத்தில் எட்டு தடவை தொடை ஓரமாகத்தான் இருக்கும். யூஸ் அண்ட் த்ரோ டயப்பரைப் போடும் பழக்கத்தில் துணி டயப்பரையும் தொடையின் மேல் சுற்றி விடுகிறோம். துணி டயப்பரின் எலாஸ்டிக் அங்கே உட்காரக் கூடாது. தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பு இருக்கிறதல்லவா, உள்ளாடையின் ஓரம் உட்காரும் இடம், அங்கே உட்கார வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து டயப்பரின் பின்பக்கத்தை இடுப்பு வரை தள்ளுங்கள். முன்பக்கத்தைக் கால்களுக்கு நடுவே கொண்டுவரும்போது அகலமாக விரித்தபடி கொண்டுவராமல் இரண்டு ஓரத்தையும் உள்பக்கமாகக் குவித்துப் பிடித்து, தொடை மடிப்புக்குள் நுழையும்படி மேலே இழுங்கள். வயிற்றுக்கு மேல் வந்தபின் விரியுங்கள். பட்டனைப் போடுங்கள். அப்புறம் ஒரு விரலைத் தொடை எலாஸ்டிக்கின் ஓரமாக விட்டு முன்னாலிருந்து பின்னால் வரை ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் துணியின் நுனி எங்காவது வெளியே எட்டிப் பார்த்தால் உள்ளே தள்ளுங்கள். அந்த ஒரு நுனி போதும், உள்ளே இருக்கும் ஈரம் முழுக்க அதன் வழியே உடுப்புக்கு ஏறிவிடும். கடைசியாக இடுப்பில் இரண்டு விரல் நுழைகிறதா பாருங்கள். நுழையவில்லை என்றால் இறுக்கம், தாராளமாக நுழைந்தால் தளர்ச்சி.

கழற்றும்போது தொடையில் லேசான சிவப்புக் கோடு இருப்பது சகஜம், காலுறை கழற்றினால் தெரியும் தடம் போல. அரை மணி நேரமாகியும் மறையாமல் பள்ளமாக இருந்தால் ஒரு பட்டன் தளர்த்துங்கள். தொப்புள்கொடி விழாத குழந்தைக்கு முன்பக்கத்தைக் கீழே மடித்து, தொப்புளில் படாமல் போட வேண்டும். துணியை ஊக்கு வைத்துக் குத்துவதாக இருந்தால் உங்கள் விரல் எப்போதும் ஊக்குக்கும் குழந்தையின் தோலுக்கும் நடுவில் இருக்கட்டும். ஊக்குக்குப் பதிலாகப் பற்கள் வைத்த ரப்பர் கிளிப்புகளும் கிடைக்கின்றன.

துணி டயப்பர் போட்டால் அடிப்பக்கம் பருமனாகத் தெரியும், கால் விரிந்திருக்கும். இதைப் பார்த்து ‘குழந்தைக்கு நடை வளைந்துபோகும்’ என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். கால் மடங்கி விரிந்திருப்பதுதான் கைக்குழந்தையின் இடுப்பு மூட்டுக்கு இயல்பான நிலை. கால்களை நேராக நீட்டி இறுக்கிக் கட்டுவதுதான் இடுப்புக்கு நல்லதல்ல.

எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது

இரண்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆய் போனால் உடனே. யூஸ் அண்ட் த்ரோ டயப்பருக்குள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்துக் கூழாக்கி வைத்துக்கொள்ளும் ஒரு பொருள் இருக்கிறது, அதனால்தான் மணிக்கணக்கில் போட்டாலும் மேலே காய்ந்த மாதிரி தெரிகிறது. துணியில் அது இல்லை. ஈரம் ஈரமாகவே இருக்கும். அடிக்கடி மாற்றுவது துணி டயப்பரின் குறை என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது நல்ல பழக்கமாகத்தான் படுகிறது. குழந்தையின் தோல் எப்படி இருக்கிறது என்பது அடிக்கடி நம் கண்ணில் படும்.

ஆயை என்ன செய்வது

புதிதாக மாறுபவர்களைத் தயங்க வைப்பது இதுதான். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் ஆய் தண்ணீரில் கரைந்துவிடும், துவைக்கும்போது முதல் அலசலிலேயே போய்விடும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கியபின் ஆயைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, மீதியை அலச வேண்டும். கழிப்பறைக் குழாயில் மாட்டும் கைப் பீய்ச்சி இருந்தால் பாதி வேலை முடிந்தது. டயப்பரைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழே பீய்ச்சினால் தண்ணீர் நம் மேல் தெறிக்காது.

மெல்லிய லைனர் ஒன்றை டயப்பருக்குள் விரித்து வைத்தால் ஆயை அப்படியே தூக்கிவிடலாம். தூக்கிப்போடும் லைனர்கள் தொடர் செலவு. பழைய ஃப்ளீஸ் துணியை (குளிருக்குப் போடும் மெத்தென்ற செயற்கை இழைத் துணி) பட்டையாக வெட்டினால் அதே வேலையைச் செய்யும், துவைத்துத் திரும்பப் போடலாம். தூக்கிப்போடும் லைனர் வாங்கினால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

அலசிய டயப்பரை எங்கே வைப்பது? காற்றோட்டமான கூடையிலோ வாய் திறந்த பையிலோ வைக்கலாம். வாளியில் தண்ணீர் ஊற்றி ஊறவைக்க வேண்டாம். பல மணி நேரம் ஊறினால் எலாஸ்டிக்கும் படலமும் கெடும், நாற்றமும் அதிகம். அதைவிட முக்கியம், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீர் நிரம்பிய வாளி உயிருக்கே ஆபத்து.

துவைப்பது

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். மூன்று கட்டம்.

முதல் கட்டம் பச்சைத் தண்ணீரில் அலசல். சிறுநீரும் மிச்சமிருக்கும் ஆயும் இதிலேயே போக வேண்டும். வெந்நீரில் தொடங்கினால் கறை இழையில் பிடித்துக்கொள்ளும். வாஷிங் மெஷின் என்றால் சின்ன சுழற்சி ஒன்று, கொஞ்சம் சோப்போடு. அந்தத் தண்ணீர் முழுக்க வெளியேற வேண்டும்.

இரண்டாம் கட்டம் உண்மையான துவைப்பு. முழு அளவு சலவைத்தூள், நீளமான சுழற்சி, 40 முதல் 60 டிகிரி வெந்நீர். பிறந்த குழந்தைக்கும், தோலில் புண் இருக்கும்போதும், இரண்டாம் கையாக வாங்கிய துணிக்கும் 60 டிகிரி நல்லது. அதற்கு மேல் சூடு உறைக்கு ஆகாது. டயப்பரோடு வரும் குறிப்பில் இன்னும் குறைவாகப் போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். மெஷின் முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும். துணி ஒன்றோடொன்று உரசினால்தான் அழுக்குப் போகும். ஐந்தாறு டயப்பர் மட்டும் நிறையத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால் அழுக்கு போகாது. டயப்பர் குறைவாக இருந்தால் குழந்தையின் சின்ன உடுப்புகளையும் துண்டுகளையும் சேர்த்துப் போட்டு நிரப்புங்கள். இதனால் தனித்தனியாகத் துவைக்கும் செலவும் குறையும்.

குழந்தைத் துணியாச்சே என்று சோப்பைக் குறைப்பதுதான் நல்லெண்ணத்தில் நடக்கும் பெரிய தவறு. சோப்பு குறைந்தால் சிறுநீர் இழைக்குள் தங்கிவிடும். அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றும். மூக்கைத் துளைக்கும் அந்த வாடையும் தோலில் எரிச்சலும் அங்கிருந்துதான் வருகின்றன. நன்கு அழுக்கான துணிக்குச் சலவைத்தூள் பாக்கெட்டில் எந்த அளவு சொல்லியிருக்கிறதோ அதைப் போடுங்கள். வாசனை இல்லாத தூள் குழந்தைத் தோலுக்கு ஒத்துப்போகும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் மட்டும் வேண்டவே வேண்டாம். அது இழை மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

மூன்றாம் கட்டம் அலசல். நுரை வருவது நிற்கும்வரை அலசிப் பிழியுங்கள்.

கையால் துவைப்பவர்களுக்கும் இதே வரிசைதான். பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை கசக்கிக் கொட்டுங்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, கசக்கித் துவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். சதுரத் துணிக்கு இது பெரிய வேலை இல்லை. தடித்த ஆல் இன் ஒன்னைத் தினமும் கையால் பிழிவது மணிக்கட்டுக்கு வலி. வீட்டில் மெஷின் இல்லாதவர்கள் வகையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசித்துவிடுங்கள். உறையை முறுக்கிப் பிழியாதீர்கள், உருட்டி அழுத்தினால் போதும்.

தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, தாது உப்பு இழையில் படிந்து துணி அட்டை மாதிரி விறைக்கும். அந்த வீட்டில் சோப்பைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், அல்லது தண்ணீரை மென்மையாக்கும் சலவைப் பொடி சேர்க்க வேண்டும். தண்ணீர் உப்பா இல்லையா என்பதைச் சோப்புப் போட்டுக் கை கழுவும்போதே தெரிந்துகொள்ளலாம்.

காயவைப்பது

கொடியில் வெயிலில் காயப்போடுவதற்கு நிகர் எதுவும் இல்லை. செலவும் இல்லை, கறையும் மங்கிவிடும். கறை போகாத துணியை ஈரமாகவே வெயிலில் விரித்துப் பாருங்கள், சாயந்தரத்துக்குள் பாதி காணாமல் போயிருக்கும். உறிஞ்சும் துணிக்குத்தான் நேர் வெயில். உறையை நிழலில் காயவையுங்கள், கடும் வெயில் தினமும் பட்டால் படலமும் எலாஸ்டிக்கும் சீக்கிரம் விட்டுப்போகும். காயும்போது எலாஸ்டிக் இழுபடாதபடி படுக்கை வாக்கில் போடுங்கள்.

பிரிட்டனில் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். சராசரியாகத் துவைத்தால் துணி டயப்பரின் கரிம வெளியீடு யூஸ் அண்ட் த்ரோவுக்கு ஏறக்குறைய சமமாகவே வந்தது. ஆனால் மெஷினை நிறைத்துத் துவைத்து, கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதே டயப்பரைப் போட்டால் அது சுமார் 40 சதவீதம் குறைந்தது. சூடான டிரையரும் அதிக வெப்பமும் அதை ஏற்றிவிட்டன. மின் கட்டணமும் இதே திசையில்தான் ஏறும், இறங்கும்.

இரவும் வெளியூரும்

இரவில் பகலைவிட இரண்டு மடங்கு உறிஞ்சும் பட்டை வேண்டும். மேலே பருத்தி, கீழே ஹெம்ப் வைத்துப் பாருங்கள். அதிலும் நனைகிறது என்றால் இரவுக்கு மட்டும் யூஸ் அண்ட் த்ரோ போடுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. குழந்தையும் நீங்களும் தூங்குவது முக்கியம்.

வெளியே போகும்போது நீர் புகாத பை ஒன்று போதும், ஈர டயப்பரைச் சுருட்டி உள்ளே போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம். நாள் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் இருந்தால் அவருக்குப் பட்டையைச் சொருகித் தயாராக வைத்த பாக்கெட் டயப்பர்களைக் கொடுங்கள். மடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏதாவது சரியில்லை என்றால்

கசிந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். டயப்பர் முழுக்க நனைந்திருந்ததா? அப்படியென்றால் பட்டை போதவில்லை, அல்லது மாற்றத் தாமதமாகிவிட்டது. உள்ளே பாதி காய்ந்திருக்கும்போதே கசிந்ததா? தொடை மடிப்பில் இடைவெளி இருக்கிறது. தண்ணீர்ச் சொட்டு துணியில் உருண்டு நிற்கிறதா? கண்டிஷனரோ கிரீமோ படிந்திருக்கிறது.

கிரீம் பற்றிச் சொல்ல வேண்டும். டயப்பர் புண்ணுக்குப் போடும் துத்தநாக ஆக்ஸைடு, பெட்ரோலியம் ஜெல்லி கலந்த களிம்புகள் துணியில் ஒட்டினால் லேசில் போகாது. களிம்பு போடும் நாட்களில் நடுவில் ஒரு லைனரை வையுங்கள். களிம்பை நிறுத்த வேண்டாம், குழந்தையின் தோல்தான் முதலில்.

துவைத்துக் காய்ந்த டயப்பரை முகர்ந்தால் வாடையே இருக்கக் கூடாது. சோப்பு வாடையும் இருக்கக் கூடாது. காய்ந்ததில் நாற்றம் என்றால் துவைப்பு போதவில்லை. சிறுநீர் பட்டவுடன் அம்மோனியா குப்பென்று வந்தால் இழைக்குள் பழையது தங்கியிருக்கிறது. சோப்பைக் கூட்டி 60 டிகிரியில் இரண்டு மூன்று முறை துவைத்துப் பாருங்கள்.

தோல் சிவந்தால் மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள், தினமும் கொஞ்ச நேரம் டயப்பர் இல்லாமல் காற்றாட விடுங்கள். மடிப்புகளுக்குள் அடர் சிவப்பாகி, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் குறையாத எந்தப் புண்ணுக்கும் மருத்துவரைப் பாருங்கள்.

டயப்பர் தேவை முடிந்தபின்

அடுத்த குழந்தைக்கும் அதே டயப்பர்கள் பயன்பட்டால் வாங்கும் செலவு என்பதே இல்லை, துவைக்கும் செலவு மட்டும்தான். மேலே போட்ட கணக்கில் 600 பங்கு பூஜ்யமாகிவிடுகிறது. எடுத்து வைக்கும் முன் ஒருமுறை முழுசாகத் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, பட்டன்களைப் போடாமல், எலாஸ்டிக் இழுபடாமல் தளர்வாக அடுக்குங்கள். காற்று புகாத பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் உள்ளே நின்று பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணிப் பையில் இருட்டான இடத்தில் வையுங்கள். சில வருடம் கழித்து எடுக்கும்போது எலாஸ்டிக் விட்டுப்போயிருந்தால் அந்த டயப்பரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பெரும்பாலும் எலாஸ்டிக் ஒரு குழல் மடிப்புக்குள்தான் ஓடும். முனையில் இரண்டு தையலைப் பிரித்து, பழையதை உருவி, புதியதைக் கோத்து மறுபடி தைத்துவிடலாம். உறிஞ்சும் துணிகளைத் துவைத்த பிறகு ஒருமுறை தண்ணீர்ச் சொட்டுச் சோதனை செய்து பாருங்கள், இறங்கினால் போடத் தொடங்கலாம்.